கோபம் ஆறிய பிறகு

"அவர் பயங்கரக் கோபக்காரர், யாருக்கும் பயப்பட மாட்டார்." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது நம் ஊர் வழக்கம். ஏதோ முதல் பாதி இருந்தால் மறுபாதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது போல. சினிமாவில் கதாநாயகனுக்குக் கண் சிவந்தால் அடுத்த நிமிடம் நாற்பது பேர் பறக்கிறார்கள். அரசியல் மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறவர் வீரர். டிவி விவாதத்தில் கைநீட்டி அடுத்தவரைப் பேசவே விடாதவர் தைரியசாலி. நிதானமாகப் பேசுகிறவர் ஒன்று பயந்தவர், இல்லையென்றால் எங்கேயோ விலைபோனவர்.

எனக்கு இதில் ரொம்ப நாளாகச் சந்தேகம். கோபக்காரர் என்று பேர் எடுத்தவர்களைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து கவனித்துப் பாருங்கள், அந்தக் கோபம் எந்தத் திசையில் போகிறது என்று. தோசை வரத் தாமதமானால் சர்வரை ஒரு பிடி பிடிப்பார். டிராஃபிக் போலீஸ் கை காட்டினால் ஹெல்மெட்டைக் கழற்றி "சார், சார்" என்பார். மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, அதை அப்படியே பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்து குழந்தையின் கணக்கு நோட்டு மேல் இறக்குவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். அப்புறம் கேட்டால், "கோபம் வந்தா எனக்கு என்ன பண்றேன்னே தெரியாது" என்பார். தெரியாமல் என்ன, யார் முன்னால் வரலாம் யார் முன்னால் வரக்கூடாது என்று அந்தக் கோபத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதற்காக, கோபத்துக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதும் நிஜம்தான். ஆண்டுக்கணக்கில் மாமியார் வீட்டில் வாய் திறக்காத ஒரு பெண் ஒரு நாள் தன் மகளைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்து நின்று பேசுகிற பேச்சு இருக்கிறதே, அது கோபம் இல்லாமல் வந்திருக்காது. அது தைரியம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது?

இது பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் இதை ஏறக்குறைய 2300 வருடங்களுக்கு முன்பே மல்லுக்கட்டிப் பார்த்திருக்கிறார். தைரியம் மாதிரியே தெரியும், ஆனால் தைரியம் இல்லாதவை என்று அவர் சிலவற்றைப் பிரித்து வைக்கிறார், அதில் ஒன்று கோபத்தில் பாய்வது. காயம்பட்ட மிருகம் வேட்டைக்காரன் மேல் பாய்கிறது, அதற்கு எதிரே இருக்கும் ஆபத்து தெரியவில்லை, வலிதான் அதைத் தள்ளுகிறது. இதைத் தைரியம் என்று ஒத்துக்கொண்டால் பசித்த கழுதையையும் வீரன் என்று சொல்ல வேண்டிவரும், எத்தனை அடி அடித்தாலும் மேய்கிற இடத்தை விட்டு அது நகராது என்கிறார். எனக்கு அந்தக் கழுதையை ரொம்பப் பிடித்துவிட்டது. சில தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும்போது ஞாபகம் வரும். ஆனால் அவரும் கோபத்தை முழுசாகத் தள்ளிவிடவில்லை. தைரியசாலிக்குக் கோபம் துணைக்கு வரும், அவன் இறங்குவது மட்டும் வேறு காரணத்துக்காக என்கிறார்.

இந்தக் காலத்து உளவியல்காரர்கள் இதையே வேறு வழியில் வந்து தொட்டார்கள். 2001-ல் ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பயத்தையும் கோபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே கெட்ட உணர்ச்சிகள் என்று நாம் ஒரே பெட்டியில் போடுகிறோம், இரண்டிலும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் வரப்போகும் ஆபத்து எவ்வளவு பெரியது என்று கேட்டால் பயந்தவர்கள் பெரிதாகச் சொன்னார்கள், கோபத்தில் இருந்தவர்கள் சின்னதாகச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் கோபக்காரர்களின் மதிப்பீடு சந்தோஷமாக இருப்பவர்களின் மதிப்பீட்டோடு ஒத்துப்போனது, அதுதான் வேடிக்கை. கோபம் வந்தால் எல்லாம் நம் கையில் இருப்பது போலத் தோன்றுகிறது, ஜெயித்துவிடுவோம் என்று தோன்றுகிறது, எதிரே இருப்பவனின் சைஸ் குறைந்து தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள், இது எத்தனை விஷயத்தை விளக்கிவிடுகிறது. ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு லாரி டிரைவரோடு சண்டைக்குப் போகிறவனுக்கு அந்த நிமிடத்தில் ஆபத்து நிஜமாகவே சின்னதாகத்தான் தெரிகிறது. அவன் பயத்தைத் தாண்டிப் போகவில்லை, அவனுக்கு அப்போது பயமே வரவில்லை, தாண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து கை நடுங்க டீ குடிக்கும்போதுதான் அந்த டிரைவர் கையில் வைத்திருந்த ஜாக்கி லீவர் அவன் ஞாபகத்துக்கு வரும். அதன் பிறகும், ஆபத்தின் முழு அளவும் தெரிந்த பிறகும், நாளைக்கு மறுபடி அதே இடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்றால் போவானா? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. இதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. அது அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் என்கிற ஊரில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறை.

1959. அந்த ஊரின் கடைத்தெருவில் பெரிய பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இருந்தன. கறுப்பின மக்கள் அங்கே துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், காசு கொடுக்கலாம். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் லஞ்ச் கவுன்ட்டரில், அந்த நீளமான மேடையின் முன்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கக் கூடாது. நம் ஊர் டீக்கடைகளின் தனி டம்ளரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதை எதிர்த்து உட்காரப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு அந்தக் கீழ்த்தள அறையில் வாராவாரம் வகுப்பு எடுத்தவர் ஜேம்ஸ் லாசன் என்ற முப்பது வயது இறையியல் மாணவர்.

இந்த லாசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது மறுத்துவிட்டு ஒரு வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தவர். அப்புறம் நம் நாட்டுக்கு வந்து நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தார், காந்தியின் வழிமுறையை இங்கேயே இருந்து படித்தார். அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்களே, அந்தப் புறக்கணிப்பு பற்றிய செய்தியை அவர் முதலில் படித்ததே நாக்பூரில் ஒரு செய்தித்தாளில்தான். சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரக் குழந்தை காருக்குள் இருந்து, கறுப்பினத்தவரான அவரை, கறுப்பினத்தவர்களை இழிவுபடுத்தும் அந்தக் கெட்ட வார்த்தையால் கூப்பிட, போய் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் வந்து சொன்னதும் அவர் அம்மா திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அதனால் என்ன நல்லது நடந்தது ஜிம்மி என்று மட்டும் கேட்டிருக்கிறார். வேறு நல்ல வழி இருந்தாக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதை லாசன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வகுப்பில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். சில மாணவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்வார்கள், மற்ற சில மாணவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடிப்பார்கள். நடிப்பு என்றால் சும்மா இல்லை. காது கூசும் வசவு, முகத்துக்கு நேராக சிகரெட் புகை, நாற்காலியோடு கீழே தள்ளுவது. உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கக் கூடாது, திருப்பித் திட்டக் கூடாது, ஓடவும் கூடாது. கீழே விழுந்தால் தலையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, ஒருவரை நான்கு பேர் அடித்தால் அடுத்தவர் நடுவில் புகுந்து அடியை எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது, அடிப்பவனின் கண்ணை எப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி. சண்டைப் பயிற்சி கேள்விப்பட்டிருக்கிறோம், சண்டை போடாமல் இருப்பதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இவர்கள். திருப்பி அடிக்காமல் இருக்க என்னால் முடியாது என்றவர்களை ஸ்டூலில் உட்கார அனுப்பவில்லை.

இங்கேதான் நம் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த மாணவர்களுக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கோபம் இல்லாமலா அங்கே வந்தார்கள்? டயேன் நாஷ் என்று ஒரு பெண், வயது 21, சிகாகோவில் வளர்ந்தவர், நாஷ்வில்லுக்குப் படிக்க வந்தவர். டென்னசி மாநிலப் பொருட்காட்சிக்குப் போன இடத்தில் கழிப்பறை வாசலில் 'கறுப்பர்' என்ற பலகையைப் பார்த்தார். அந்த அவமானமும் ஆத்திரமும்தான் அவரை அந்த வகுப்புக்குக் கூட்டிவந்தது. அங்கே தப்பு நடக்கிறது என்று காட்டிக்கொடுத்ததே கோபம்தான். அது இல்லாதவர்கள் அதே பலகையைத் தாண்டி உள்ளே போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள், எத்தனையோ வருடமாக.

ஆனால் கோபத்துக்கு ஆயுள் குறைவு. கவுன்ட்டரில் உட்காரும் வேலையோ மணிக்கணக்கு, நாள்கணக்கு, மாதக்கணக்கு. 1960 பிப்ரவரி 13-ம் தேதி, பனி கொட்டியிருந்த ஒரு சனிக்கிழமை, நல்ல உடை உடுத்தி, பாடப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு 124 பேர் மூன்று கடைகளுக்குள் நடந்து போய் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். உல்வொர்த், கிரெஸ், மெக்லெல்லன். பரிமாறுகிற பெண்கள் பதற்றத்தில் தட்டு தட்டாகக் கீழே போட்டு உடைத்தார்கள், நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே என்று நாஷ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அடிதடி இல்லை. இரண்டு வாரம் கழித்து, 27-ம் தேதி, இருந்தது. அடித்தார்கள், ஸ்டூலில் இருந்து இழுத்துப் போட்டார்கள், எரிகிற சிகரெட்டை முதுகில் வைத்துத் தேய்த்தார்கள். போலீஸ் வந்து 81 பேரைக் கைது செய்தது, எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள், அடித்தவர்கள் இல்லை. ஒரு வரிசையை எழுப்பிக் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே ஸ்டூல்களில் உட்கார்ந்தது. எனக்கு இந்த வரிதான் நம்பவே முடியாத வரி. முதல் வரிசைக்கு என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டு அந்த இரண்டாவது வரிசை போய் உட்கார்கிறது. கோபத்தில் கண் மறைத்ததால் உட்கார்ந்தார்கள் என்று சொல்லவே முடியாது. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் போட்டது. கட்ட மாட்டோம், ஜெயிலுக்கே போகிறோம் என்றார்கள்.

பயம் இல்லையா? இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கை வியர்க்கும் என்று நாஷ் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கடைத்தெருவில் கூட்டத்தில் ஒருவன் "அதோ அவள்தான் டயேன் நாஷ், அவளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. பேப்பரில் படம் வந்திருந்ததால் வந்த வினை. பயத்தில் ஆடிப்போய்விட்டார். அப்போது தனக்குத் தானே சில நிமிடம் கெடு வைத்துக்கொண்டார். அதற்குள் நிதானத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் பொறுப்பை விட்டு விலகிவிட வேண்டும், இந்த நிலைமையில் என்னால் யாரையும் வழிநடத்த முடியாது என்று. நிதானத்துக்கு வந்தார். இதை அவரே வெளியில் சொன்னதால் நமக்குத் தெரிகிறது. நம் ஊர் வீரர்கள் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

லாசனைப் பற்றி ஒரு சம்பவம். அதே பிப்ரவரி, ஒரு மாணவனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், இவர் அங்கே நடந்து போகிறார். தோல் ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞன் இவர் மேல் துப்பினான். இவர் அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்து நீட்டிவிட்டான். துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, ஜாக்கெட்டைப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பாய் போலிருக்கிறதே என்று பேச்சுக் கொடுத்தார். வைத்திருந்தான். வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறான் என்று அவன் சொல்ல ஆரம்பிக்க, அந்த இடைவெளியில் அடிவாங்கிய மாணவன் எழுந்து நகர்ந்துவிட்டான். என்னால் முடியுமா என்று கேட்டால், கைக்குட்டை வரைகூட வந்திருக்க மாட்டேன். லாசன் இதற்கும் மேலே போய், அடிக்கிறவன் மேல் உனக்கு அன்பு இருக்க வேண்டும் என்று கேட்டார். அதில் எனக்கு முழு ஒப்புதல் இல்லை. அடிக்கிறவனைத் திருப்பி அடிக்காமல் இருந்தாலே பெரிய விஷயம், அன்பு வேறு செய்ய வேண்டுமா என்று தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்னபடி செய்தவர்கள் ஜெயித்தார்கள், நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19 விடியற்காலை, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசினார்கள். எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியின் ஜன்னல் கண்ணாடிகள் நூற்றுக்கு மேல் நொறுங்கின, வீட்டின் முன்பக்கம் போய்விட்டது, அவரும் அவர் மனைவியும் பின்பக்க அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள். அன்றைக்கு அந்த ஊர் கறுப்பின மக்களுக்கு இருந்த கோபத்துக்கு என்னவும் நடந்திருக்கலாம். நடந்தது என்னவென்றால், 3000 பேருக்கு மேல் திரண்டு, கோஷம் இல்லாமல், பாட்டு இல்லாமல், மைல்கணக்கில் நகர மன்றத்தை நோக்கி நடந்தார்கள்.

படியில் மேயர் பென் வெஸ்ட் வந்து நின்றார். முதலில் பேசியவர் சி.டி. விவியன் என்ற பாதிரியார். எழுதிக் கொண்டுவந்திருந்ததை வாசித்தார், கடுமையான வாசகம், மேயருக்கும் கோபம் வந்துவிட்டது, இரண்டு பேரும் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் நாம் பார்த்துப் பழகிய காட்சிதான். அப்போதுதான் நாஷ் பேசினார். நிறத்தை மட்டும் வைத்து ஒரு மனிதரை ஒதுக்குவது தப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்களா, மேயராக இல்லை, ஒரு மனிதராகச் சொல்லுங்கள் என்கிற மாதிரி நேராக ஒரு கேள்வி. மேயர், தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் அதுதான் தலைப்புச் செய்தி. ஈஸ்டர் சமயத்திலிருந்தே கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் எதையும் வாங்காமல் நிறுத்தியிருந்ததால் கடைக்காரர்களும் இறங்கிவரக் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஒரு கேள்வியால் மட்டும் ஊர் மாறிவிடவில்லை. மே 10-ம் தேதி ஆறு கடைகளின் கவுன்ட்டர்களில் கறுப்பினத்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். விவியனின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு மேயர் நின்று பதில் சொல்ல வேண்டிய நிலைமையை உண்டாக்கியதில் அதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் கத்திக்கொண்டே கேட்டிருந்தால் அவருக்குப் பதிலுக்குக் கத்துவதே பதிலாகிப் போயிருக்கும்.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கு என்ன என்று தோன்றலாம். என் பெரியம்மா ஒருவர் இருந்தார், நாஷ்வில் என்ற பேரையே கேட்டிருக்க மாட்டார். அந்தக் காலத்து ரேஷன் கடை, தட்டுத் தராசு. சர்க்கரையில் எடை குறையும், எல்லாருக்கும் தெரியும். தெருவில் ஒருவர் மாதாமாதம் போய்க் கடை முன்னால் கத்துவார், கலெக்டருக்கு எழுதுவேன் என்பார், மேசையைத் தட்டுவார். சேல்ஸ்மேன் "அண்ணே, அண்ணே, உங்களுக்குப் போயி குறைப்பேனா" என்று அவருக்கு மட்டும் ஒரு கை அள்ளிப் போடுவார். கோபம் அதோடு சரி, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

பெரியம்மா கத்த மாட்டார். பையைத் திருப்பி மேசைமேல் வைத்து, "தம்பி, இன்னொரு தடவை நிறுத்துக் காட்டுப்பா" என்பார். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க." "நிக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." பின்னால் நிற்கிறவர்கள் சேல்ஸ்மேனைத் திட்ட மாட்டார்கள், பெரியம்மாவைத்தான் திட்டுவார்கள். அவர் நகர மாட்டார். அவர் கேட்டது தனக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடச் சொல்லி அல்ல, தட்டில் வைத்துக் காட்டச் சொல்லி. அதனால் அவரை ஒரு கை சர்க்கரையில் சமாளித்து அனுப்ப முடியவில்லை. "அப்படி நிக்கும்போது காலெல்லாம் நடுங்கும்டா, மேசையைப் பிடிச்சுக்குவேன்" என்று என்னிடம் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். கத்தினவர் தைரியசாலி, பெரியம்மா பிடிவாதக்காரி என்றுதான் தெருவில் பேர். எடை எல்லாருக்கும் சரியாக வந்ததா என்றால், அவர் வரிசையில் நிற்கிற நாளில் வந்தது.

சரி, இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. "கோபப்படாமல் பேசு" என்பது அடிவாங்குகிறவனிடம் அடிக்கிறவன் எப்போதும் சொல்கிற வசனம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழமொழி வேறு கையில் வைத்திருக்கிறார்கள். நீ கேட்பது நியாயம்தான், ஆனால் கேட்கிற விதம் சரியில்லை என்பார்கள். விதத்தை மாற்றிக்கொண்டு வந்தால் நேரம் சரியில்லை என்பார்கள். லாசன் எவ்வளவு பொறுமையாகப் பேசினார், அவர் படித்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த மார்ச்சில் அவரை வெளியேற்றிவிட்டது. ஆகவே நிதானமாக இருந்தால் எல்லாரும் மதிப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிதானம் எதிராளிக்காக இல்லை, நாம் நீண்ட நேரம் நிற்பதற்காக.

கோபமாகவே தைரியம் காட்டியவர்களும் இருக்கிறார்கள். மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பர் 1. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2-ம் தேதி, அதே ஊரில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இதையே செய்தார். அவர் அமைதியாக எல்லாம் இல்லை. இது என் அரசியல் சட்ட உரிமை என்று கத்திக்கொண்டேதான் இருந்தார், போலீஸ் அவரை இழுத்துக் கொண்டுபோய் விலங்கு மாட்டியது. வயது சின்னது, படபடவென்று பேசுகிற பெண், கொஞ்ச நாளில் கர்ப்பமாகவும் இருந்தார், ஆகவே இயக்கத் தலைவர்கள் அவரை முன்னால் நிறுத்தவில்லை. எனக்கு அந்தத் தலைவர்கள் மேல் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் கோல்வின் கதையில் என்னை அதிகமாகப் பாதிக்கிற பகுதி அந்தப் பேருந்து இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 1956 மே மாதம், பேருந்துப் பிரிவினையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் அவர் ஒருவர். வீட்டில் கைக்குழந்தை. ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. தன்னை ஒதுக்கிவைத்த இயக்கத்துக்காகவும் சேர்த்துத்தான் கூண்டில் ஏறுகிறார். பேருந்தில் கத்திய கோபம் அப்போது எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்? ஊரில் சாட்சி சொன்னவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியாதவரும் இல்லை. ஏறி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அந்த வழக்கின் தீர்ப்பைத்தான் நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, டிசம்பரில் மான்ட்கோமரி பேருந்துகள் மாறின. மார்ச் மாதத்துப் பெண்ணைவிட மே மாதத்துப் பெண் என் கண்ணுக்குப் பெரியவளாகத் தெரிகிறாள், இரண்டும் ஒரே பெண் என்றாலும், முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது என்றாலும்.

நாஷும் நாஷ்வில்லோடு நின்றுவிடவில்லை. 1961 மே மாதம் சுதந்திரப் பயணக்காரர்கள், அதாவது பேருந்துப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்தவர்கள், வந்த பேருந்தை அலபாமாவில் ஒரு கும்பல் எரித்தது, இன்னொரு பேருந்தில் வந்தவர்களை அடித்துத் துவைத்தது, பயணத்தை அதோடு நிறுத்திவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். நாஷ், நிறுத்தினால் அடித்தால் போதும் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லி நாஷ்வில் மாணவர்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். வாஷிங்டனில் மத்திய அரசின் நீதித் துறையைச் சேர்ந்த ஜான் சீகன்தாலர் போன் போட்டு, யாரையாவது சாகடிக்கப் போகிறாய் என்று கத்தினார். இவர், ஐயா, நேற்று ராத்திரி எல்லாரும் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றார். (போனில் கத்திய அதே சீகன்தாலர் சில நாளில் மான்ட்கோமரியில் பயணிகளைக் காப்பாற்றப் போய் மண்டையில் இரும்புக் குழாயால் அடிவாங்கி விழுந்தார், அவரையும் குறைவாகச் சொல்லக் கூடாது.)

மிசிசிப்பியில், சிறார்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்ததற்காக நாஷுக்கு இரண்டு வருடச் சிறை. சிறார்களைக் கெடுத்தாராம், அதுதான் குற்றச்சாட்டு. அடுத்த வருடம், 1962-ல், அவர் கர்ப்பிணி. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது, வெளியிலேயே இருந்திருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டு, மிசிசிப்பியில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை எங்கே பிறந்தாலும் சிறையில்தான் பிறக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தானாகவே நீதிமன்றத்துக்குப் போனார். போனவர் வெள்ளையர்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்கு மட்டும் நீதிபதி 10 நாள் தண்டனை கொடுத்தார், அதை அனுபவித்துவிட்டு வந்தார். அந்த இரண்டு வருடத் தண்டனையை நிறைவேற்ற அவர்கள் அவரை உள்ளே வைக்கவே இல்லை. ஒரு கர்ப்பிணியைச் சிறையில் வைத்து ஊரெல்லாம் செய்தியாவதை விட விட்டுவிடுவது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல.